கூரை ஒழுகும் பொலிஸ் லான்சர்

பாணந்துறை மச்சான் கேட்டிருக்கிறான்: பொலிஸ் கழித்த கார்கள் ஏலத்துக்கு வருகின்றன, விலையும் மலிவு, குடும்பத்துக்கென்று ஒன்று எடுக்கலாமா? என்னிடம் அப்படி ஒன்று சில வருடங்களாக ஓடுகிறது, அதனால் கேட்கிறான். கேட்ட நேரம்தான் சரியில்லை. வெள்ளவத்தையில் விடாத மழை. அவனுக்குச் சொல்வதையே எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி மிட்சுபிஷி லான்சர், சிஎஸ்3 மொடல், 1.6 லீட்டர் 4ஜி18 எஞ்சின். கொழும்பில் இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் இதன் கதவோ பம்பரோ ஏதாவது ஒரு கடை வாசலில் சாய்ந்து நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும், வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எங்கள் வீட்டிலோ அப்பா, மாமி, பிள்ளைகள் என்று திரீவீலரில் அடங்காத கூட்டம். கதவில் கோடு ஒட்டிய காருக்குப் போட்டியும் குறைவு. எடுத்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரச வண்டி கவனிப்பாரில்லாமல் கிடந்திருக்கும் என்பார்கள். இதில் ஒயில் மாற்றிய திகதிகள் ஸ்டிக்கரில் ஒழுங்காக எழுதியிருந்தன. காலி வீதி நெரிசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் ஏசி விரல் விறைக்கக் குளிரும். நுவரெலியா ஏற்றத்தில் ஆட்களோடும் சாமான்களோடும் முனகாமல் ஏறியது.

மீற்றரை மட்டும் நம்பாதே. பொலிஸ் கார் ஓடும் நேரத்துக்குக் குறையாமல் எஞ்சினைப் போட்டபடி சும்மாவும் நிற்கும், அந்த நேரம் மீற்றரில் ஏறாது. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா முன்பு ஒரு பழைய பொலிஸ் ஃபோர்ட் கிரவுன் விக்டோரியா வைத்திருந்தார். 4.6 லீட்டர் வி8, 2011இல் உற்பத்தி நின்ற வண்டி. சும்மா நின்ற ஒரு மணித்தியாலத்தை 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீற்றர் ஓடியதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறதாம் ஃபோர்ட். அவருடைய காரில் எஞ்சின் ஓடிய மணித்தியாலக் கணக்கைப் பார்க்கலாம். என் லான்சரில் அது இல்லை. ஆடிப்போன எஞ்சின் மவுண்டையும் தேய்ந்த ரேடியேட்டர் விசிறி மோட்டாரையும் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். இரண்டையும் மாற்றினேன், அந்தப் பக்கத் தொல்லை அதோடு முடிந்தது.

முடியாதது கூரை.

பொலிஸ் காரின் தலையில் சுழல்விளக்கு இருக்குமல்லவா, அதைப் பூட்ட யாரோ ஒரு புண்ணியவான் கூரைத் தகட்டில் நேரே ஓட்டை போட்டிருக்கிறான். வயர் இறங்க இன்னொன்று. வயர்லெஸ் அன்டெனாவுக்குப் பின்பக்கம் வேறொன்று. விளக்கைக் கழற்றியவர்கள் எல்லா ஓட்டையிலும் ஃபில்லரை, அதாவது பள்ளம் நிரப்பும் பூச்சை, அப்பி, மேலே பெயின்ட் அடித்துவிட்டார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஃபில்லரோ தண்ணீரை உறிஞ்சும் சாமான். பின்னால் பிடிமானமில்லாமல் ஓட்டைக்குள் அப்பினால், கொழும்பு வெயிலில் தகடு விரிந்து சுருங்கும்போது ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விடும். அதற்குள் மழை இறங்கும், அடியில் துரு கிளம்பும். மெரைன் டிரைவ் பக்கம் நிறுத்தும் வண்டிக்குக் கடல்காற்றும் தன் பங்குக்கு உதவும்.

ஓட்டைக்கு நேர் கீழே சொட்டினாலாவது பிடிக்கலாம். தகட்டுக்கும் உள் லைனிங்குக்கும் நடுவே குறுக்குச் சட்டம் இருக்கிறது. தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துபோய்த் தனக்குப் பிடித்த இடத்தில் இறங்கும். என் வண்டியில் அதற்குப் பிடித்த இடம் உள்லைட். அதன் மூடிக்குள் பிளேன்டீ நிறத்தில் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். பம்பலப்பிட்டிச் சந்தியில் பிரேக் பிடித்தால் அத்தனையும் முன்னால் வந்து கியர் லீவரில் ஊற்றும். சிக்னல் விழுந்து சட்டென்று எடுத்தால் பின் சீட்டுக்கு, அதாவது மாமியின் மடிக்கு. மாமி இப்போது கோயிலுக்குப் போகும்போதுகூட மடியில் ஒரு துவாயை விரித்துக்கொண்டுதான் உட்காருகிறார். ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஏசினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

சிலிக்கன் வைத்துப் பார்த்தேன், அடுத்த வெயிலிலேயே ஓரம் தூக்கியது. சிலிக்கன் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது என்று தகடு வேலை செய்யும் டிங்கர் பாஸிடம் பேச்சும் வாங்கினேன். அவர் சொன்னதுதான் வேலை: லைனிங்கை இறக்கி, ஃபில்லரைச் சுரண்டி, துருவை எடுத்து, உள்பக்கமிருந்து தகட்டுத் துண்டை எபொக்சியால் ஒட்டி அடைப்பது. வெல்டிங் வேண்டவே வேண்டாம் என்றார். கூரைத் தகடு மெல்லியது, சூட்டில் நெளிந்தால் பிறகு கை வைக்கும் போதெல்லாம் ‘டொக்’ என்று உள்ளே போய் வெளியே வருமாம். லைனிங்கைக் கழற்ற குஷன் பாஸ் தனியாக வந்தார். கழற்றியதும் வயரிங் பாஸையும் கூப்பிட வேண்டியதாயிற்று. சைரனின் ரிலே ஒன்று யாருக்கும் தெரியாமல் இன்னும் கரண்ட் குடித்துக்கொண்டிருந்தது. காலையில் பற்றரி அடிக்கடி செத்துக்கிடந்ததன் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

உள்லைட் ஒழுக்கு நின்றது, மாமி துவாயை விட்டார். அடுத்த பெருமழைக்கு டிக்கியைத் திறந்தால் ஸ்பெயார் டயர் குளித்துக்கொண்டிருக்கிறது. அந்த அன்டெனா ஓட்டை! நன்றாக இருக்கிறது, கிளற வேண்டாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து விட்ட அதே ஓட்டை. திரும்ப லைனிங்கை இறக்க எனக்குத் தெம்பில்லை. டயர் குழியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டிருக்கிறேன். தண்ணீர் வருகிறது, போகிறது. மாமி மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று துவாயைத் திரும்ப எடுத்துவிட்டார்.

ஸ்டிக்கர் விஷயம் வேறு. உரித்தெடுத்த இடத்தில் பெயின்ட் வெயில் படாமல் புதிதாக இருக்கிறது, சுற்றிலும் மங்கல். கட் அண்ட் பொலிஷ் செய்தும், பக்கவாட்டு வெளிச்சத்தில் ‘பொலிஸ்’ என்பதை மூன்று மொழியிலும் வாசிக்கலாம். இதில் சின்ன லாபமும் உண்டு: குறுக்கே வெட்ட வரும் திரீவீலர்காரர் கதவைப் பார்த்து ஒரு கணம் யோசிக்கிறார். பிள்ளைகளுக்கு அதில் பெரிய சந்தோஷம். அப்பா மட்டும் எப்போதும் முன் சீட்தான். “பொலிஸ் காரில பின்னால ஒருக்காப் போனது காணும்” என்பார்.

ஆகவே மச்சான், எடுக்காதே. எஞ்சினைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் திரும்ப வாங்கவில்லை, ஏசியும் அப்படித்தான். இருந்தாலும் எடுக்காதே. மழை விட்ட பிறகு கேட்டால் வேறு மாதிரிச் சொல்லிவிடுவேன், அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். பிடிவாதமாக எடுப்பதென்றால், பார்வைக்கு விடும் நாளில் ஒரு டோர்ச்சும் சின்னக் காந்தமும் கொண்டு போ. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கூரை முழுக்க நகர்த்து, ஃபில்லர் இருக்கும் இடத்தில் பிடி விடும். உள்லைட் மூடிக்குள் கறை இருக்கிறதா பார். ஸ்பெயார் டயரைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு விலையும் எழுதிக் கொடுக்காதே.

அதெல்லாம் கரைச்சல், உங்களுடையதையே தாருங்கள் என்றும் கேட்டிருந்தாய். அதெப்படி? டைமிங் பெல்ட்டை இப்போதுதானே மாற்றினேன்.