1998ல வந்த கொட்சில்லா, சரியான ஏமாற்றம்

உப்புவெளியில அண்ணா வீட்டில எல்லாருமா இருந்து ரோலண்ட் எமரிக்கிண்ட கொட்சில்லா பாத்தம். பிரெஞ்சுக்காரர்ர அணுகுண்டு சோதனையால உருவான மிருகம் எண்டு தொடங்கேக்க நல்லாத்தான் இருந்திச்சு, நியூயோர்க்குக்கு வந்தோண்ண கதை படுத்திட்டுது. 1954ல வந்த ஜப்பான் படத்தில ஆள் ரப்பர் உடுப்பு போட்டு நடிச்சும் அணுகுண்டுப் பயம் அப்பிடியே நெஞ்சில ஏறும், இதுல கொம்பியூட்டர்ல செய்த பெரிய ஓணான் ஒண்டு பில்டிங்குகளுக்குள்ள ஒளிச்சு ஒளிச்சு ஓடுது, எந்நேரமும் இருட்டும் மழையும், முகத்த ஒழுங்காப் பாக்கவே விடுறாங்கள் இல்ல. கோணேசர் கோயில் மலையில நிண்டு நீலத்திமிங்கலம் மூச்சு விடுறதப் பாத்த சனம் நாங்கள், பெரிய உயிர் எண்டா என்னெண்டு தெரியும், அந்த மலைப்பு இதுல துண்டா இல்ல.

மடிசன் ஸ்குயர் கார்டன் எண்ட விளையாட்டரங்குக்குள்ள முட்டை பொரிச்சு குட்டியள் துரத்துற இடம் சும்மா இழுவை. ழான் ரெனோ மட்டும் நல்லாச் செய்திருக்கிறார். கடைசியில புரூக்ளின் பாலத்துக் கம்பியில சிக்கி மிசைல் பட்டுக் கிடக்கேக்க அந்தக் கண் மெல்ல மூடுறது உண்மையிலயே கவலையா இருந்திச்சு, அந்தக் கவலைய முதல்லயே காட்டியிருக்கலாமே! 1954 படத்த எடுத்த தோஹோ கொம்பனியே பிறகு இந்த உருவத்துக்கு ஸில்லா எண்டு பேர மாத்திட்டாங்கள். நேரம் இருந்தா 1954 படத்தத் தேடிப் பாருங்கோ, இது வேணாம்.