மூன்று வாரம் அக்காவோடு

இந்தத் தடவை ஊருக்குப் போனது அக்காவுக்காக மட்டும். அவளுக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி, வேகமாக வளரும் நான்காம் கிரேடு. ஆபரேஷன், ஆறு வாரத்தில் 30 தடவை கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. 2005-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு பெரும்பாலான நாடுகளில் இதுதான் வழக்கமான சிகிச்சை. ஆனாலும் இந்தக் கட்டி நல்ல மூளைக்குள் நார் நாராக ஊடுருவியிருக்கும்; கத்தியால் வழித்தெடுக்க முடியாது. திரும்ப வளரும். வளர்ந்துவிட்டது.

எம்ஆர்ஐ எடுத்த ஆஸ்பத்திரியில் இயந்திரம், வசதி எதற்கும் குறையில்லை. ஆனால் டாக்டர் அத்தானையும் என்னையும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அக்கா வெளியே சக்கர நாற்காலியில் இருந்தாள். "என் தலையில இருக்கறத எங்கிட்ட சொல்ல மாட்டாங்களாடா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அது இன்னும் ஆறவில்லை.

பாலியேட்டிவ் கேர், அதாவது நோயாளியின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பு; அதற்கான நர்ஸ் வீட்டுக்கு வந்தது அடுத்த வாரம். அந்தப் பேரைக் கேட்டதுமே 'கடைசிக் கட்டமா' என்று பயந்தோம். அது கடைசி நாட்களுக்கு மட்டுமானதல்ல, நோய் தெரிந்த நாளிலிருந்தே சேர்ந்திருக்கலாம் என்று எங்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். அவர் நாற்காலியை இழுத்து அக்காவின் வலப்பக்கம் உட்கார்ந்தார். கட்டி வலப்பக்க மூளையில் இருப்பதால் இடப்பக்கம் நிற்பவரை அவள் கவனிப்பதே இல்லை. நாங்கள் அத்தனை நாளும் இடப்பக்கம் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

"உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்மா?"

"எல்லாம்."

சொன்னார். அக்கா அழுதாள். பிறகு தெளிவாக, கடைசிவரை வீட்டிலேயே இருக்க வேண்டும், பேச்சு நின்றுவிட்டால் குழாய் எதுவும் வைக்கக் கூடாது என்றாள். எட்டு மாதமாக நாங்கள் ஒளித்துவைத்த பேச்சு, நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

மாத்திரைப் பெட்டியையும் பார்த்தார். மூளை வீக்கத்துக்கான டெக்ஸாமெத்தசோனை இரவில் கொடுத்துவந்தோம். அது தூக்கத்தைக் கெடுக்கும். டாக்டரிடம் போனில் கேட்டுக் காலைக்கு மாற்றினார். தொடை பலவீனமும் அந்த மருந்தால் வரக்கூடியதாம். ஆனால் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்க்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

கிளம்பும்போது அத்தானைப் பார்த்து, "நீங்க எப்பத் தூங்கறீங்க?" என்றார். அதுவரை அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான். மனிதர் அங்கேயே உடைந்து அழுதார்.

இப்போது நான் திரும்பி வந்துவிட்டேன். அவர்களுக்கு இரவு என்றால் எனக்குப் பகல். அக்கா கட்டிலருகே வீடியோ கால் திறந்தே இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். ஏதாவது என்றால் பக்கத்து அறையில் சித்தி பையன் இருக்கிறான். நேற்று அத்தான் ஆறு மணி நேரம் தூங்கினார்.