கல்லீரல், பித்தநாளப் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி: கூட்டு மருந்துகள் ஓர் ஒப்பீடு

முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு 2007 முதல் பத்தாண்டுக்கும் மேலாக சொராஃபெனிப் மாத்திரைதான் கதி என்றிருந்தது. இன்று ட்ரிப்பில் ஏற்றும் மூன்று இம்யூனோதெரபிக் (உடலின் எதிர்ப்பாற்றலைப் புற்றுக்கு எதிராக முடுக்கிவிடும் சிகிச்சை) கூட்டுகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. பித்தநாளப் புற்றுநோய்க்கு இதைக் கீமோவோடு சேர்த்தே தருகிறார்கள். "எத்தனை மாதம் கூடும்?" என்று மட்டும் கேட்டால் விடை சப்பென்று இருக்கும். மருந்துக்குக் கட்டி கட்டுப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் பலன் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. இவற்றை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் கூட்டு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை முன்னது 1200 மில்லிகிராம், பின்னது உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஐம்ப்ரேவ்150 ஆய்வில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு கடந்த காலம்) 19.2 மாதம், சொராஃபெனிப் பெற்றவர்களுக்கு 13.4. கட்டி சுருங்கியவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம். கல்லீரலின் முதன்மை ரத்தக்குழாய்க்குள் கட்டி புகுந்தவர்களையும் இந்த ஆய்வில் சேர்த்திருந்தார்கள். அது இதன் தனி பலம்.

இதன் ஆபத்து ரத்தக்கசிவு. கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களின் உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கும். பெவாசிசுமாப் அவற்றைக் கசிய வைக்கலாம். தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் எண்டோஸ்கோபி பார்த்திருக்க வேண்டும்; தேவையானால் புடைத்த நாளங்களுக்கு பேண்ட் (இறுக்கும் வளையம்) போட்டு முடித்த பிறகே முதல் டோஸ். அவசரம் என்று சொல்லி இதைத் தள்ளிப்போடுவதை நாங்கள் ஏற்க மாட்டோம். ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் விடாமல் கவனிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது 28 நாள் முன்பே பெவாசிசுமாப்பை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் காயம் ஆறாது.

கசியும் அபாயம் உள்ளவர்களுக்கு எங்கள் தேர்வு ட்ரெமெலிமுமாப், துர்வாலுமாப் கூட்டு. ட்ரெமெலிமுமாப் 300 மில்லிகிராம் ஒரே ஒரு முறை. அதை ஒரு மணி நேரத்தில் ஏற்றி, இன்னொரு மணி நேரம் கண்காணித்துவிட்டு, அதே நாளில் துர்வாலுமாப் 1500 மில்லிகிராம். பிறகு துர்வாலுமாப் மட்டும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. கட்டி சுருங்குபவர்கள் இதில் 20 சதவீதம்தான். ஆனால் ஹிமாலயா ஆய்வில் ஐந்தாம் ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் 19.6 சதவீதம், சொராஃபெனிப் குழுவில் 9.4.

நிவோலுமாப், இபிலிமுமாப் கூட்டில் கட்டி சுருங்குவது இன்னும் அதிகம், 36 சதவீதம். அதற்கான விலையும் உண்டு: முதல் ஆறு மாதத்தில் இறப்பு ஒப்பீட்டுக் குழுவைவிடக் கூடுதலாக இருந்தது. தளர்ந்த உடம்புக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பித்தநாளப் புற்றுநோயில் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் இரண்டும் 21 நாள் சுற்றில் 1, 8-ஆம் நாட்களில். துர்வாலுமாப் 1500 மில்லிகிராம் முதல் நாளில். எட்டுச் சுற்று முடிந்ததும் கீமோ நின்றுவிடும், துர்வாலுமாப் நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடரும். டோபாஸ்-1 ஆய்வில் இடைநிலை ஆயுளில் கூடியது ஒரு மாதம் சொச்சம்தான். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் முதலில் வெளியான கணக்கில் 24.9 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 10.4. துர்வாலுமாப்புக்குப் பதில் பெம்ப்ரோலிசுமாப் 200 மில்லிகிராம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரும் முறையும் உண்டு. பலனில் பெரிய வேறுபாடு இல்லை. சிஸ்பிளாட்டின் எட்டுச் சுற்றில் நின்றாலும் அதில் ஜெம்சிடபினைத் தொடரலாம்.

மஞ்சள் காமாலையோடு முதல் டோஸ் ஏற்றக் கூடாது. பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்து, பிலிரூபின் இறங்கி, காய்ச்சல் இல்லை என்று உறுதியான பின்பே தொடங்க வேண்டும். பயாப்சி சதையில் எம்எஸ்ஐ (செல்லின் டிஎன்ஏ பிழை திருத்தும் திறன் பழுதானதா என்று காட்டும்) சோதனையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அது மிகுதி என்று வருபவர்கள் சிலரே; அவர்களுக்கு இம்யூனோதெரபி தனியாகவே நன்றாக வேலை செய்யும்.

பெரும்பாலும் தடுமாற்றம் வருவது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவுகளான ஏஎல்டி, ஏஎஸ்டி எகிறும்போது. உடனே "மருந்தின் பக்கவிளைவு" என்று ஸ்டீராய்டு தொடங்குவது தவறு. ஸ்டென்ட் அடைத்திருக்கலாம், கட்டி வளர்ந்திருக்கலாம், உறங்கிக் கிடந்த ஹெபடைடிஸ் பி விழித்திருக்கலாம். அடைப்பினால் வந்த தொற்றுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நிலைமை கைமீறும். ஸ்கேன், வைரஸ் அளவு இரண்டையும் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி இருப்பவர்களுக்கு என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் முன்கூட்டியே தொடங்கியிருக்க வேண்டும்.

எதிர்ப்பாற்றல் கல்லீரலைத் தாக்குவது உறுதியானால் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். குறைப்பதற்குக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம். எண் இறங்கியதே என்று சட்டென்று நிறுத்தினால் திரும்ப எகிறும். ஸ்டீராய்டுக்கு அடங்காவிட்டால், எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்னொரு மருந்தான மைகோஃபினோலேட். குடல் அழற்சிக்கு உதவும் இன்ஃப்ளிக்சிமாப்பைக் கல்லீரல் அழற்சிக்குத் தவிர்ப்பார்கள். அதுவே கல்லீரலைக் கெடுக்கக்கூடும். ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு, புதிய மூச்சுத்திணறல், எழ முடியாத அசதி: இவற்றில் எது வந்தாலும் அடுத்த டோஸ் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவக் குழுவிடம் சொல்ல வேண்டும். அசதிக்கு தைராய்டோடு காலைக் கார்டிசோலையும் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) சோதிக்கச் சொல்லுங்கள். அது விடுபட்டுப்போவது வழக்கம்.

மேலே சொன்ன கல்லீரல் புற்றுநோய் ஆய்வுகள் கல்லீரல் ஓரளவு நன்றாக இயங்கும் சைல்டு-பியூ ஏ நிலையினரிடம் நடந்தவை. வயிற்றில் நீர் தேங்கி, அல்புமின் விழுந்தவர்களுக்கு அதே எண்களைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவது நியாயமல்ல. மாற்றுக் கல்லீரல் பொருத்தியவர்களுக்கு உடல் அந்த உறுப்பையே நிராகரிக்கும் அபாயம் உண்டு. அறுவைச் சிகிச்சையில் கட்டியை எடுத்தபின் மீண்டும் வராமலிருக்க அட்டிசோலிசுமாப் கூட்டைத் தருவதில் 2023-இல் தெரிந்த பலன் அடுத்த ஆண்டின் தொடர் கண்காணிப்பில் நிலைக்கவில்லை. அதற்காக இதை வாங்க வேண்டாம்.