கோர்ம்-3: லேபலில் வாயு, குருதியில் உலோகம்

கோர்ம்-3 என்பது காபனோரொட்சைட்டு வாயுவை உடலுக்குள் விடுவிக்கும் என்று லேபலில் எழுதி விற்கப்படும் ருத்தேனிய உலோகச் சேர்வை. கொழும்பில் ஆய்வு செய்பவர் ஒருவர் அந்தத் தூளை வாங்கலாமா என்று கேட்டால், என் பதில் "வாங்கலாம், ஆனால் லேபலில் எழுதியிருக்கும் காரணத்துக்காக அல்ல" என்பதே. எங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டு போத்தல்களைத் தீர்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு பற்றிக்கொள்ளும் நச்சு வாயு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதே வாயுவை, ஈமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஈம் சிதையும்போது எமது உடலும் சிறிதளவு உண்டாக்குகிறது. குறைந்த அளவில் அது குருதிக் குழாயைத் தளர்த்தும், அழற்சியைத் தணிக்கும். சுவாசிக்கக் கொடுத்தால் அளவைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பதால், உலோகத்தில் ஏற்றி அனுப்பி வேண்டிய இடத்தில் அவிழ்க்கலாம் என்ற எண்ணத்தோடு மொட்டர்லீனி, மான் ஆகிய ஆய்வாளர்களின் குழு 2002இல் முதற் சேர்வைகளை வெளியிட்டது. அவற்றுள் கோர்ம்-2 நீரில் கரையாது. டைமெதைல் சல்பொட்சைட்டில் கரைக்க வேண்டும், அதுவோ 18.5 பாகையில் உறைந்துவிடும்; கொழும்பு வெயிலில் திரவமாக இருக்கும் போத்தல் குளிரூட்டி அறையில் ஓர் இரவு இருந்தால் கல்லாகிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அடுத்து வந்த கோர்ம்-3 இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஒரு ருத்தேனியம், மூன்று காபனோரொட்சைட்டு, ஒரு குளோரைட்டு, ஒரு கிளைசினேற்று, அவ்வளவுதான். நீரில் உடனே கரைகிறது.

முதற் போத்தலைத் தருவித்த முகவர் அதைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை தன் அலுவலக மேசையிலேயே விட்டுவிட்டார். ஈரம் ஏறித் தூள் கட்டிபட்டிருந்தது. இரண்டாம் போத்தலுக்கு நானே முச்சக்கரவண்டியில் பனிக்கட்டிப் பெட்டியோடு போய் நின்றேன். இது பொருளின் குறையல்ல என்பதால் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

உண்மையான சிக்கல் கரைத்த பிறகுதான் தொடங்குகிறது. வாயு வெளிவருகிறதா என்று பார்க்கும் பழைய முறையில், டைதயோனைட்டு என்ற கந்தகச் சேர்வையால் ஒட்சிசன் நீக்கிய மயோகுளோபினோடு (தசையில் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் புரதம்) கோர்ம்-3ஐச் சேர்ப்பார்கள். வாயு ஏறினால், ஒளி உறிஞ்சல் வரைபில் 557 நானோமீற்றரில் நின்ற ஒற்றை மேடு 540, 577 ஆகிய இரண்டு மேடுகளாகப் பிரியும். நாங்களும் அதைப் பார்த்து மகிழ்ந்தோம். பின்னர் டைதயோனைட்டு இல்லாமல், ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபினோடு அதே அளவைச் சேர்த்தபோது, வாயு ஏறியிருந்தால் 577இல் உள்ள மேடு 569ஐ நோக்கி நகர்ந்திருக்க வேண்டும்; அதுவோ ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. விளக்கம் 2012இலேயே அச்சில் வந்துவிட்டது: வாயுவை விடுவிக்கத் தூண்டுவது டைதயோனைட்டு, சல்பைற்று போன்ற கந்தகச் சேர்வைகளே, மயோகுளோபின் தன்பாட்டில் அதை இழுத்து எடுப்பதில்லை. குருதியில் டைதயோனைட்டை யார் ஊற்றப்போகிறார்கள்?

அப்படியானால் குருதியில் என்ன நடக்கிறது? நீரில் கரைந்ததுமே ஐதரொட்சைட்டு ஒரு காபனைலை, அதாவது உலோகத்தில் கட்டியிருக்கும் காபனோரொட்சைட்டை, தாக்குகிறது. அது காபனோரொட்சைட்டாக அல்ல, காபனீரொட்சைட்டாகவே வெளியேறலாம். அதாவது எதற்காகக் காசு கொடுத்தோமோ அதில் ஒரு பங்கு, வீட்டில் மூச்சுவிட்டாலே கிடைக்கும் வாயுவாகப் போய்விடுகிறது. எஞ்சிய இருகாபனைல் துண்டு வெறுங்கையோடு நிற்காமல், முதலில் எதிர்ப்படும் புரதத்தின் ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. கோழிமுட்டைப் புரதமான லைசோசைமோடு செய்த பளிங்குப் படம் 2011இல் வெளிவந்தது. அப்புரதத்தின் ஒரே ஹிஸ்டிடீனான 15ஆம் இடத்தில் ருத்தேனியம் இரு காபனைல்களோடு அமர்ந்திருக்கிறது. குளோரைட்டும் கிளைசினேற்றும் அங்கே இல்லை. நரம்பில் ஏற்றினால் முதலில் சந்திப்பது செங்குழியத்துக்குள் இருக்கும் ஈமோகுளோபினை அல்ல, திரவவிழையத்தில் மிதக்கும் அல்புமினை. 585 அமினோ அமிலம் கொண்ட அதில் 16 ஹிஸ்டிடீன்களும், 34ஆம் இடத்தில் கந்தகம் கொண்ட கட்டற்ற சிஸ்டீன் ஒன்றும் உண்டு. அத்தனை கைகள் நீட்டியிருக்கும் இடத்தில் உலோகம் சும்மா கடந்துபோகும் என்று எதிர்பார்ப்பது எனக்குக் கொஞ்சம் அப்பாவித்தனமாகவே படுகிறது.

இது முழுக்கத் தோல்வி என்று சொல்லிவிடவும் முடியாது. அல்புமினில் இப்படிக் கட்டிய இருகாபனைல் ருத்தேனியம் பின்னர் மெல்ல மெல்ல வாயுவை விடுவதை உயிரணுக்களிலும் எலிகளிலும் 2015இல் காட்டியிருக்கிறார்கள். புரதத்தையே வண்டியாகக் கருதினால் இந்தத் தூளுக்கு வேறொரு பெறுமதி கிடைக்கிறது. ஆனால் கோர்ம்-3 நுண்ணுயிரைக் கொல்வதைக் கண்டு, "வாயுவின் வேலை" என்று எழுதுபவர்கள் நின்று யோசிக்க வேண்டும்: தியோல்களோடு (சிஸ்டீனில் இருப்பது போன்ற கந்தகக் கூட்டங்கள்) வினைபுரியும் ருத்தேனியமே காரணம் என்று 2018இல் விரிவான ஆய்வொன்று வெளிவந்தது.

இதனால் கட்டுப்பாட்டு மாதிரியும் தொல்லை தருகிறது. தாங்கற்கரைசலில் இரவு முழுதும் வைத்து நைதரசன் ஊதிய "செயலிழந்த" கோர்ம்-3ஐத்தான் பலரும் ஒப்பீட்டுக்கு வைக்கிறார்கள். நாங்களும் முதல் மூன்று மாதம் அதையே வைத்தோம். ஆனால் அதில் இருக்கும் ருத்தேனியம் புதிய கரைசலில் இருப்பதல்ல, புரதத்தைப் பற்றும் வேகமும் அதே அல்ல. உலோகமில்லாத, போரன் அடிப்படையிலான கோர்ம்-ஏ1ஐ அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் வாயு எது, உலோகம் எது என்று ஓரளவு பிரித்துப் பேச முடிகிறது. வாங்கினால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

புரதத்தில் உலோகம் எங்கே கட்டுகிறது என்று படிக்கும் மாணவருக்குக் கோர்ம்-3 மலிவில்லாத, ஆனால் மிக நல்ல பொருள். வாயுவின் மருத்துவப் பயனை நிரூபிக்க இதை மட்டும் நம்புபவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எடுத்தால் மிகச் சிறிய போத்தலாக எடுங்கள், நிறுத்தெடுத்த தூளை அன்றன்றே கரையுங்கள், மீந்த கரைசலை நாளைக்கென்று குளிரில் வைக்காதீர்கள்.