லத்தீனோ, கரீபியன் படிப்பு: லாஸ் ஏஞ்சல்ஸா, நியூயார்க்கா, ஜமைக்காவா?

வரலாறு, இலக்கியம், சமூகவியல், அரசியல், இசை எல்லாவற்றையும் ஒரே பட்டத்துக்குள் வைத்து, லத்தீனோக்களையும் (அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) கரீபியன் மக்களையும் படிப்பது இந்தத் துறை. பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பாடப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். இவற்றில் பல, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் போராடி வாங்கிய துறைகள். அதனால் அந்தந்த ஊர்க்காரர்களின் கதைதான் உள்ளே நிறைந்திருக்கும்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகளில் மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் நாட்டின் முதல் சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்) ஆய்வுத் துறை தொடங்கியது. அதே ஊரின் இன்னொரு பல்கலைக்கழகமான யூசிஎல்ஏவில் இப்படி ஒரு துறைக்காக 1993இல் 14 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்படியும் முழுத் துறை என்ற தகுதி 2005இல்தான் கிடைத்தது. எல்லை, பண்ணைத் தொழிலாளர், நில உரிமை பற்றிப் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. எல் சால்வடார் போரிலிருந்து தப்பி வந்தவர்களால் மத்திய அமெரிக்காவும் பாடத்தில் சேர்ந்துகொண்டது. 2020இல் வந்த சட்டப்படி மாநிலப் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர் எல்லாரும் இன ஆய்வுப் பாடம் ஒன்று படித்தாக வேண்டும். இந்தத் துறையில் ஆசிரியராக நினைப்பவருக்கு இது நல்ல செய்தி. ஆனால் கரீபியன் பகுதி இங்கே ஒப்புக்குத்தான்.

நியூயார்க்கில் நிலைமை வேறு. 1969 ஏப்ரலில் சிட்டி கல்லூரியைக் கறுப்பின மாணவர்களும் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் வம்சாவளி மாணவர்களும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். 1973இல் நகரப் பல்கலைக்கழகத்தில் புவேர்ட்டோ ரிக்கோ ஆய்வு மையம் வந்தது. இப்போது அது ஹண்டர் கல்லூரியில் இருக்கிறது. 1992இல் சிட்டி கல்லூரியில் டொமினிக்கன் ஆய்வு நிறுவனம் வந்தது. 1613இல் இன்றைய டொமினிக்கன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவிலிருந்து வந்து மன்ஹாட்டனில் தங்கிய ஹுவான் ரோட்ரிகஸ் என்பவரின் பழைய ஆவணங்களைத் திரட்டி வெளியிட்டவர்கள் இவர்கள்தான். டச்சுக்காரர்கள் ஊர் அமைப்பதற்கு முன்பே அங்கே ஒரு கரீபியன் மனிதர் வாழ்ந்திருக்கிறார்! 2012இல் அங்குள்ள பிராட்வே வீதியின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சேர்த்தார்கள். மாணவர் போய் உட்கார்ந்து தேட ஆவணக் காப்பகம் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீனோ, கரீபியன் இரண்டையும் பெயரிலேயே சேர்த்த துறை இருக்கிறது. அதுவும் புவேர்ட்டோ ரிக்கோ ஆய்வாகத் தொடங்கியதுதான்.

குறை? கரீபியன் என்று பலகை மாட்டினாலும் கனம் பெரும்பாலும் கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு பக்கம்தான். ஜமைக்காவும் ஹெய்ட்டியும் பல இடங்களில் ஆப்பிரிக்க ஆய்வுத் துறைக்குப் போய்விடும். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள ரிச்மண்ட் ஹில்லில் கயானா, டிரினிடாட் இந்திய வம்சாவளியினர் நிறைந்திருக்கிறார்கள். அவர்களை முழுதாகச் சொந்தம் கொண்டாடும் துறை எது என்று தேடினால் சட்டென்று அகப்படாது.

அந்த இடத்தில்தான் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகம் முந்துகிறது. நமக்குத் தெரிந்த கிரிக்கெட் அணி மாதிரியே இதுவும் பல நாடுகளின் கூட்டுச் சொத்து. 1948இல் ஜமைக்காவின் மோனாவில், பழைய கரும்புத் தோட்டத்தில் தொடங்கினார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன கல் கால்வாயின் மிச்சம் இன்றும் வளாகத்துக்குள் நிற்கிறது. 1968 அக்டோபரில் விரிவுரையாளர் வால்டர் ரோட்னியை அரசு நாட்டுக்குள் விடவில்லை என்று மாணவர்கள் ஊர்வலம் போக, கிங்ஸ்டனே கொந்தளித்தது. ரெகே இசைக்கே இங்கே தனி ஆய்வுப் பிரிவு உண்டு. இந்திய ஒப்பந்தக் கூலிகளின் வரலாறு வேண்டுமென்றால் டிரினிடாடின் செயின்ட் அகஸ்டின் வளாகம். 1845இல் ஃபாடெல் ரசாக் கப்பல் முதல் தொகுதியைக் கொண்டு இறக்கிய தீவு அது. பட்டம் மூன்றே ஆண்டு. அமெரிக்காவில் வாழும் லத்தீனோக்களைப் பற்றி மட்டும் இங்கே அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால், இரண்டையும் சேர்த்துப் படிக்க நியூயார்க் வட்டாரம்தான், ஸ்பானிஷையும் கூடவே கற்றுக்கொள்வதாக இருந்தால். மெக்சிகோ பக்கம்தான் மனம் போகிறது என்றால் யோசிக்காமல் லாஸ் ஏஞ்சல்ஸ்.

அப்புறம், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி 1850களிலிருந்து பிரெஞ்சுக் கரீபியன் தீவுகளான குவாடலூப், மார்டினிக் போன தமிழர்களைப் படிக்க நினைப்பவருக்கு இந்த மூன்றுமே முதல் தேர்வாக இருக்க முடியாது. அங்கே மாரியம்மன் வழிபாடு இன்னும் நடக்கிறது. அந்தத் தீவுகளுக்கென்று ஆன்டில்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் பாடம் பிரெஞ்சில்.