பர்மா நட்சத்திரமும் கஸ்தூரியார் வீதிப் படச்சட்டக் கடையும்

இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் எழுதுவினைஞராகப் பணிபுரிந்த எங்கள் அம்மப்பாவின் மூன்று பதக்கங்களை, நாடாக்கள் நைந்து நூலாகிவிட்ட நிலையில், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலுள்ள ஒரு படச்சட்டக் கடையில் ஒப்படைத்தோம். புது நாடா பூட்டிக் கண்ணாடிச் சட்டத்துள் அமைத்துத் தரும் வேலை அது. இத்தகைய பதக்கங்களை அலுமாரியில் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அவ்வேலையின் நிறைகுறைகளை எழுதுகிறேன்.

மூன்றினுள் முதன்மையானது பர்மா நட்சத்திரம். 1941 டிசெம்பர் 11 முதல் 1945 செப்டெம்பர் 2 வரையான பர்மாப் போருக்காக 1945 மே மாதத்தில் பிரித்தானிய அரசு இதனை நிறுவியது. செம்பும் நாகமும் கலந்த உலோகத்தில், 44 மில்லிமீற்றர் உயரமும் 38 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட ஆறுமுனை நட்சத்திரமாக அமைந்து, நடுவில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் எழுத்துச் சின்னத்தையும், அதைச் சூழ்ந்த வளையத்தில் தன் பெயரையும், மேலே மணிமுடியையும் தாங்கியிருக்கிறது. 1944இல் யப்பானியப் படை இந்தியாவின் வடகிழக்கிலுள்ள இம்பால், கொஹிமா வரை வந்து மோதியதை நினைத்தால், அசாமிலும் வங்காளத்திலும் குறித்த காலப்பகுதிகளில் ஆற்றிய சேவையும் ஏன் இப்பதக்கத்துக்குரியதாயிற்று என்பது விளங்கும்.

இரண்டாம் உலகப் போருக்கென 1945இல் இருந்த எட்டு நட்சத்திரங்களும் ஒரே வடிவின. வளையத்திலுள்ள எழுத்து மட்டுமே வேறுபடுவதால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு இன்ன நட்சத்திரம் என்று சொல்வது நாடாதான். பர்மா நட்சத்திரத்தின் நாடாவில் நடுவிலுள்ள அகன்ற சிவப்புப் பட்டை பொதுநலவாயப் படைகளைக் குறிக்கும். இருபுறத்துக் கருநீலப் பட்டைகளின் நடுவே ஓடும் செம்மஞ்சட் கோடு சூரியனைக் குறிக்கும். நாடாக்களின் நிறங்களை மன்னரே வகுத்தார் என்பர். கடைக்காரர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த 32 மில்லிமீற்றர் நாடா, பழைய துண்டின் மடிப்புக்குள் வெயில் படாதிருந்த நிறத்தோடு மிக நன்றாகப் பொருந்தியது.

பிழை நேர்ந்தது இரண்டாவதான 1939-45 நட்சத்திரத்தில். அதன் நாடாவில் கடற்படைக்குக் கருநீலம், தரைப்படைக்குச் சிவப்பு, வான்படைக்கு இளநீலம் என்று மூன்று சமபட்டைகள் உள்ளன. பார்ப்பவரின் இடப்பக்கம் வரவேண்டிய கருநீலம் வலப்பக்கம் வரும்படி தலைமாறித் தைக்கப்பட்டிருந்தது. பர்மா நாடா இருபுறமும் ஒத்தது. அதில் இந்தத் தவறு நேர வழியில்லை. சுட்டிக்காட்டியதும் கடைக்காரர் மறுபேச்சின்றிப் பிரித்துத் தைத்தார். மேலதிகமாக எதுவும் கேட்கவில்லை.

நான் மனமாரப் பாராட்டுவது அவர் செய்ய மறுத்த ஒரு வேலையை. குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்குவதுபோல நட்சத்திரங்களையும் பளபளக்கச் செய்து தரும்படி வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். காலத்தால் ஏறிய மங்கல் நிறம் போனால் திரும்பி வராது, மணிமுடியின் நுண்ணிய கோடுகளும் தேய்ந்துவிடும் என்று பொறுமையாக விளக்கி, மென்துணியால் தூசியை மட்டும் துடைத்தார். இந்த அறிவுள்ள கைவினைஞர் கிடைப்பது அரிது.

பிரித்தானிய அரசு இந்த நட்சத்திரங்களைப் பெறுபவரின் பெயரைப் பொறிக்காமலே வழங்கியது; அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் தம் படையினருக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. ஆகவே பதக்கத்தைப் படைச் சேவைத் தாள்களிலிருந்து பிரித்துவிட்டால் அது யாருடையது என்பதற்குச் சான்றே இராது. கடைக்காரர் அம்மப்பாவின் பெயரும் பிரிவும் பொறித்த பித்தளைத் தகட்டைக் கீழே பதித்து, படையிலிருந்து விடுவித்த சான்றிதழின் பிரதியை வைக்கச் சட்டத்தின் பின்புறம் ஒரு உறையும் அமைத்தார். தமிழ் எழுத்துகள் திருத்தமாக விழுந்திருக்கின்றன.

ஒரே குறை மூன்றாவதான போர்ப் பதக்கத்தில் இருக்கிறது. செம்பு நிக்கல் கலவையிலான அவ்வட்டப் பதக்கத்தின் அழகெல்லாம் இருதலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம் செதுக்கப்பட்ட பின்முகத்தில்தான். மன்னரின் தலை தெரியும்படி அட்டையோடு சேர்த்துப் பூட்டிவிட்டதால் சிங்கம் மறைந்துபோயிற்று. இருபுறமும் கண்ணாடி வைத்த சட்டம் அக்கடையில் செய்வதில்லை. கூலி சாதாரணப் படச்சட்டத்தைப்போல் இரு மடங்கு என்றாலும் வேலைக்குத் தகும். கொடுப்பவர்கள் பதக்கங்களின் பின்முகங்களை முன்கூட்டியே படம்பிடித்து, அப்படங்களையும் அந்த உறையில் வைக்கச் சொல்வது நல்லது.