விரல் விசில்: எந்தப் பிடியில் தொடங்கலாம்?

விரல் விசிலில் விரல் வெறும் முட்டுதான். மடித்து வைத்த நாக்கின் மேல் ஓடிவரும் காற்று கீழுதட்டு விளிம்பில் மோதுகிறதே, சத்தம் பிறப்பது அங்கேதான். ஆகவே ஒவ்வொரு பிடியிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: நாக்கை அசையாமல் பிடித்து வைக்குமா?

இந்தக் கணக்கில் புதிதாகப் பழகுபவருக்கு நான்கு விரல் பிடிக்கே என் ஓட்டு. இரண்டு கைகளின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் சேர்ந்து கூரைபோல் நிற்க வேண்டும். முதலில் பொக்கை வாய்க்காரர்போல இரண்டு உதடுகளையும் பல்லின் மேல் மடித்துக்கொள்ளுங்கள். விரல் நுனிகளால் நாக்கின் நுனியைத் தூக்கி, நாக்கு தன்மேலேயே மடியும்படி உள்ளே தள்ளுங்கள். விரல்கள் முதல் கணு வரை போனால் போதும். அப்புறம் உதட்டை இறுக்கமாக மூடி, விரல்களுக்கு நடுவே மட்டும் சின்ன சந்து விடுங்கள். மெதுவாக ஊதுங்கள். முதலில் வெறும் 'புஸ்'தான் வரும். விரலின் சாய்வை இம்மியளவு மாற்றி மாற்றி ஊதினால், காற்றோடு மெல்லிய கீச்சொலி ஒன்று கலக்கும். அதுதான் இடம், விரலை அங்கிருந்து நகர்த்தாமல் ஊதும் வேகத்தைக் கூட்டுங்கள். விடாமல் ஊதினால் தலை சுற்றும், இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்குங்கள்.

வாய் சிறியதா? நான்கு விரல் திணறும். இரண்டு ஆள்காட்டி விரல்கள், இல்லையென்றால் இரண்டு சுண்டுவிரல்கள் போதும். முறை அதேதான், முட்டின் அகலம் குறைவதால் நாக்கு ஒரு பக்கம் நழுவப் பார்க்கும், அவ்வளவே.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்கும் ஒற்றைக் கைப் பிடிதான் பலருக்கும் ஆசை. பார்க்க அலட்டலில்லாமல் இருக்கும், மறு கையும் சும்மா இருக்கும். ஆனால் வளையம் கொஞ்சம் கோணினாலும் காற்று பக்கவாட்டில் ஒழுகிவிடும். தப்பு விரலிலா, நாக்கிலா, உதட்டிலா என்று புதியவருக்குப் பிடிபடாது. நான்கு விரலில் சத்தம் வந்த பிறகு இதற்கு மாறினால் நாக்குக்குத் தன் இடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவில் மலைப் பள்ளத்தாக்குகளுக்கு இடையே விசிலிலேயே பேசிக்கொள்ளும் சில்போ கொமேரோ மொழிக்கும் ஒரு கைதான். மறு கையைக் குவித்து ஒலியைத் திசைதிருப்புவார்கள். 2009-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏறிய மொழி அது.

சத்தத்தில் எது பெரியது? பிடியைவிட, உதடு எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதே அதைத் தீர்மானிக்கும். நம் காது சுமார் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கூர்மையாகக் கேட்கும். கூர்மையான விசில் விழுவதும் அந்தப் பக்கம்தான். அதனால் பக்கத்தில் ஆள் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதுங்கள்.

விரலே இல்லாமல் அடிப்பதும் உண்டு. விரல் செய்த வேலை முழுவதையும் நாக்கும் உதடும் தாங்களே செய்ய வேண்டியிருப்பதால் முதல் பாடமாக அதை எடுக்க வேண்டாம். கை கழுவ வழியில்லாத இடத்தில் மட்டும் கொடுத்துவைத்தவர்கள் இப்படி விரலில்லாமல் அடிப்பவர்கள்தான்.